எஸ்எம்பிஎஸ் மாத்தினதுல ஹார்டு டிஸ்க் போயிருச்சு, உள்ள கல்யாண போட்டோ இருக்கு, எடுக்க வழி இருக்கா?

பழனிரோடு_ஸ்டுடியோ:

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல்ல சின்னதா ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். எடிட்டிங் சிஸ்டத்துல பழைய கிராஃபிக்ஸ் கார்டு ரொம்ப இழுக்குதுன்னு ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினோம். அதுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள்ள எல்லாத்துக்கும் பவர் குடுக்கற பொட்டி) வேணும்னு போட்டிருந்துச்சு, எங்ககிட்ட இருந்தது 450 தான், சரின்னு 650 வாட்ல ஃபுல் மாடுலர் (கேபிள் எல்லாத்தையும் தனியா கழட்டி மாட்டற மாதிரி வர்றது) ஒண்ணும் சேர்த்து வாங்கியாச்சு. சித்தப்பா பையன் டிப்ளமோ படிக்கிறான், முன்னாடி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் அவன்தான் போட்டுக் குடுத்தான், ஒரு குறையும் வந்ததில்ல, அதனால இதையும் அவன்தான் மாட்டினான்.

மதர்போர்டுக்குப் போற பெரிய கேபிள், ப்ராசஸர் கேபிள், கார்டு கேபிள் எல்லாம் புது எஸ்எம்பிஎஸ் கூட வந்ததையே போட்டான். ஹார்டு டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் போற சாட்டா பவர் கேபிள் மட்டும் கேபினட் பின்பக்கம் டை போட்டு நல்லா கட்டியிருந்ததால, அதைப் பிரிக்காம அப்படியே விட்டுட்டு, பழைய கேபிளோட இன்னொரு முனையைப் புது எஸ்எம்பிஎஸ்ல சொருகிட்டான். கரெக்டா உக்காந்துச்சு, லாக்கும் விழுந்துச்சு. ஸ்விட்ச் போட்டதும் டப்புனு ஒரு சின்ன சத்தம், கருகின வாடை, சிஸ்டம் ஆஃப்.

அதுக்கப்புறம் பவர் பட்டனை அமுக்கினா ஃபேன் அரை சுத்து சுத்திட்டு நின்னுடுது. ரெண்டு டிரைவையும் கழட்டிட்டு போட்டா சிஸ்டம் நல்லா ஆன் ஆகுது, விண்டோஸ் எம்.2 டிரைவ்ல (மதர்போர்டுலயே நேரா சொருகற சின்ன டிரைவ்) இருக்கறதால அதுவும் ஓப்பன் ஆகுது, புது கார்டும் வேலை செய்யுது. சரின்னு புதுசா வந்த சாட்டா கேபிளைப் போட்டு எஸ்எஸ்டியை மட்டும் மாட்டினா சிஸ்டம் ஓடுது ஆனா எஸ்எஸ்டி காட்டல. ஹார்டு டிஸ்க்கை மாட்டினா மறுபடியும் அதே அரை சுத்து.

அந்த ஹார்டு டிஸ்க் 4 டிபி, 3.5 இன்ச். ஆவணி முகூர்த்தத்துல எடுத்த கல்யாணங்களோட ரா ஃபைல் (கேமரா எடுத்தபடியே இருக்கற ஒரிஜினல் போட்டோ) மொத்தமும் அதுலதான். ஒரு ஆல்பம் இன்னும் குடுக்கவே இல்ல. பொண்ணு வீட்டுக்காரங்க போன் பண்ணும்போது என்ன சொல்றதுன்னு தெரியாம வேலை நடந்துட்டு இருக்குங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இங்க ஒரு கடையில காட்டினேன், டிஸ்க் அடியில இருக்கற பச்சை போர்டு போயிருச்சு, அதே மாடல் போர்டு ஆன்லைன்ல வாங்கி மாட்டினா சரியாயிடும்னாங்க. வாங்கலாமா? டேட்டா வர வாய்ப்பு இருக்கா? பையன் சரியா சாப்பிடக்கூட மாட்டேங்குறான், அவனை யாரும் திட்டல, ஆனா அவனுக்கு மனசு ஆறல.

மீட்டரும்_கையும் (கோவை):

அண்ணா முதல்ல அந்த டிரைவ் ரெண்டையும் இனி எதுலயும் மாட்டிப் பாக்காதீங்க. வேற சிஸ்டத்துல போட்டுப் பாக்கலாமேன்னு தோணும், வேண்டாங்க. இப்ப இருக்கற நிலையில அப்படியே வச்சா நல்ல வாய்ப்பு இருக்குதுங்க.

என்ன நடந்துருக்குன்னு சொல்லிடறேன், அப்பத்தான் மத்ததெல்லாம் புரியும். எஸ்எம்பிஎஸ் கேபிள்ல டிரைவ் பக்கம் போற முனை இருக்குதுல்ல, அது உலகம் முழுக்க ஒரே மாதிரிதான், 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் எந்தப் பின்ல வரணும்னு ஸ்டாண்டர்டு இருக்குது. ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கம் சொருகற முனைக்கு எந்த ஸ்டாண்டர்டும் கிடையாதுங்க, ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வச்சிருப்பாங்க, ஒரே கம்பெனியில ரெண்டு மாடலுக்கே மாறும். கோர்சேர்காரங்க டைப் 3, டைப் 4னு பேர் குடுத்து எந்தக் கேபிள் எதுக்குப் பொருந்தும்னு பட்டியலே போட்டு வச்சிருக்காங்க. பிளாஸ்டிக் மட்டும் பாத்தா ஒரே மாதிரி ஆறு பின், லாக்கும் விழும், உள்ள வயர் வரிசை வேற. முன்னெல்லாம் மஞ்ச வயர் 12, செவப்பு வயர் 5னு கலரைப் பாத்தாவது கண்டுபிடிக்கலாம், இப்ப வர்ற மாடுலர் கேபிள் எல்லாம் தட்டையா முழுக் கருப்பு, பாத்து ஒண்ணும் தெரியாது. தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க, பல வருஷம் அசெம்பிள் பண்றவங்களே இதுல மாட்டியிருக்காங்க, பொட்டி மேல கூட கொட்டை எழுத்துல போட்டிருக்க மாட்டாங்க.

உங்க விஷயத்துல பெரும்பாலும் 5 வோல்ட் வர வேண்டிய பின்ல 12 வோல்ட் வந்திருக்குது. மதர்போர்டுக்குப் புது கேபிள் போட்டதால அது தப்பிச்சுது, எம்.2 டிரைவ் மதர்போர்டு ஸ்லாட்ல இருந்தே பவர் எடுக்கறதால அதுவும் தப்பிச்சுது.

இப்ப நல்ல சேதி. 3.5 இன்ச் ஹார்டு டிஸ்க் போர்டுல பவர் கனெக்டர் பக்கத்துல டிவிஎஸ் டையோடுன்னு பெரும்பாலும் ரெண்டு இருக்கும், 5 வோல்ட் லைனுக்கு ஒண்ணு, 12 வோல்ட் லைனுக்கு ஒண்ணு. 5 வோல்ட் லைன்ல இருக்கறது சுமார் ஆறரை ஏழு வோல்ட் தாண்டினதுமே கரண்டைத் தன் வழியா கிரவுண்டுக்குத் தள்ளிடும், அதுக்கு மேல தாங்க முடியாட்டி தானே ஷார்ட் ஆயி செத்துப்போகும். அது செத்தாலும் பின்னாடி இருக்கற ஐசி எல்லாம் பெரும்பாலும் பிழைச்சுக்கும். ஃபேன் அரை சுத்துல நிக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதுதாங்க அடையாளம், 5 வோல்ட் லைன் நேரா கிரவுண்டுல ஷார்ட் ஆயிருக்குது, எஸ்எம்பிஎஸ் அதைப் பாத்துட்டு தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்குது. டிரைவ் எந்த அசைவும் இல்லாம, ஷார்ட்டும் இல்லாம இருந்திருந்தாத்தான் நான் அதிகமா பயந்திருப்பேன்.

மல்டிமீட்டர் இருந்தா எடுங்க. டிரைவை எதுலயும் மாட்டாம, டேட்டா கேபிள் சொருகற பக்கத்துல இருந்து பவர் பின்னை எண்ணுங்க, மொத்தம் 15. அதுல 7, 8, 9 தான் 5 வோல்ட், 13, 14, 15 வந்து 12 வோல்ட், 4, 5, 6 கிரவுண்டு. மீட்டரை கன்டினியூட்டியில (ரெண்டு இடமும் இணைஞ்சிருந்தா பீப் அடிக்கற செட்டிங்) வச்சு கிரவுண்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் பீப் அடிக்குதா, 12 வோல்ட்டுக்கும் அடிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. அப்படியே போர்டைக் கழட்டி (நட்சத்திர ஸ்க்ரூதான், பெரும்பாலும் டி6 அளவு) உள்பக்கம் நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.

ரிச்சி_தெரு_பின்புறம் (சென்னை):

டேட்டா ரெக்கவரி வேலையிலதான் இருக்கேன். மேல கோவைக்காரர் சொன்னது சரி. நான் சேர்க்க வேண்டியது அந்த போர்டு மாத்துற விஷயம், இது முக்கியம் சார்.

போர்டு வாங்கி மாட்டினா சரியாயிடும்ங்கறது ரொம்ப பழைய டிரைவ்களுக்குப் பொருந்தின யோசனை. இப்ப இருக்கற ஹார்டு டிஸ்க் ஒவ்வொண்ணுக்கும் ஃபேக்டரியிலயே தனித்தனியா அளந்து எழுதின விவரம் ஒண்ணு இருக்கும், டேட்டாவைப் படிக்கற அந்த ஹெட் எப்படி படிக்கும், எவ்வளவு நகரணும்ங்கற மாதிரி. அது போர்டுல இருக்கற எட்டு கால் ரோம் சிப்ல இருக்கும், மேல 25னு ஆரம்பிக்கற நம்பர் போட்டிருக்கும், டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) போர்டுல பல மாடல்ல பக்கத்துல யு12னு அச்சடிச்சிருக்கும். ஒரே மாடல், ஒரே போர்டு நம்பரா இருந்தாலும் வேற டிரைவோட போர்டை நேரா மாட்டினா டிஸ்க் சுத்தும், ஆனா படிக்காது, டக் டக்குனு ஹெட் தட்ட ஆரம்பிச்சா அது வேற சேதாரத்துல கொண்டு போய் விடும். மாத்தித்தான் ஆகணும்னா பழைய போர்டு ரோமை எடுத்து புது போர்டுல வைக்கணும். சில மாடல்ல ரோம் தனி சிப்பா இல்லாம பெரிய ஐசிக்குள்ளயே இருக்கும், அதுக்கு லேப்தான் வழி. அதனால பழைய போர்டை எக்காரணம் கொண்டும் கடையில விட்டுட்டு வராதீங்க, எக்ஸ்சேஞ்சுன்னு கேட்டாலும் குடுக்காதீங்க. அந்த போர்டு இல்லாம வந்த டிரைவ்கள்ல நாங்க கஷ்டப்பட்ட அளவுக்கு வேற எதுலயும் கஷ்டப்பட்டதில்ல.

இன்னொண்ணு, டிஸ்க்கோட மேல் மூடியைத் திறக்கச் சொன்னா திறக்க விடாதீங்க. ஹெட்டுக்கும் டேட்டா எழுதியிருக்கற பிளேட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி நானோமீட்டர் கணக்கு. அடியில இருக்கற போர்டைக் கழட்டுறதுல பயமில்ல, அது வெளியதான் இருக்கு.

தினம்_ஒரு_சிஸ்டம்:

ப்ரோ ஒரு ட்ரை பண்ணுங்க, ஹார்டு டிஸ்க்கை கவர்ல போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல வச்சு காலைல மாட்டினா கொஞ்ச நேரம் ஓடும், அதுக்குள்ள காப்பி பண்ணிடலாம், என் ஃப்ரெண்டுக்கு ஒர்க் ஆச்சு.

ரிச்சி_தெரு_பின்புறம்:

தம்பி நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, ஆனா இதைச் செய்யாதீங்க சார். வெளிய எடுத்ததும் உள்ள ஈரம் படியும், பிளேட்டு மேல ஒரு சொட்டு ஈரம் போதும் ஹெட் ஒட்டிக்க. இங்க பிரச்சனை போர்டுல ஷார்ட், குளிருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

முகூர்த்த_கேமரா (தஞ்சாவூர்):

அண்ணே நானும் கல்யாண போட்டோதான். டிஸ்க் வேலை அது பாட்டுக்கு நடக்கட்டும், அந்தக் கல்யாணத்துக்குப் போட்ட மெமரி கார்டு எல்லாம் எங்க இருக்கு? ஃபார்மட் அடிச்சிருப்பீங்க, தெரியும், நாம எல்லாரும் அடுத்த ஃபங்ஷனுக்கு அதைத்தான் செய்யறோம். ஆனா கேமராவுல அடிக்கற சாதா ஃபார்மட் பட்டியலை மட்டும்தான் அழிக்கும், போட்டோ கார்டுலயே கிடக்கும், மேல வேற எழுதற வரைக்கும். 128 ஜிபி கார்டுல அடுத்த ஃபங்ஷன்ல பாதிதான் ஓட்டினீங்கன்னா மீதி இடத்துல பழைய கல்யாணம் அப்படியே இருக்க வாய்ப்பு இருக்கு. போட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், ரா ஃபைலையும் தேடி எடுக்கும், ஃபைல் பேர் போயிடும் ஆனா உள்ள தேதி நேரம் இருக்கும், அதை வச்சு அடுக்கிக்கலாம். எடுக்கற ஃபைலை அந்தக் கார்டுலயே சேவ் பண்ணிடாதீங்க, வேற டிரைவ்ல பண்ணுங்க. இப்பவே அந்த கார்டுகளைக் கேமராவை விட்டு வெளிய எடுத்து ஒரு டப்பால போட்டு வச்சிடுங்க, நாளைக்கு ஃபங்ஷன் இருந்தா புது கார்டு வாங்கிக்கிட்டுப் போங்க.

ஆல்பம் டிசைனருக்கு செலக்‌ஷன் அனுப்பியிருந்தா அவர்கிட்ட ஜேபெக் முழு சைஸ்ல இருக்கும், அதையும் கேளுங்க. பொண்ணு வீட்ல எப்படியும் செலக்‌ஷனுக்கு பென்டிரைவ் குடுத்திருப்பீங்களே?

பழனிரோடு_ஸ்டுடியோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா சொல்வீங்கன்னு நினைக்கல. போர்டு ஆர்டர் போடறதை நிறுத்திட்டேன்.

மீட்டர் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைல இரவல் வாங்கி பையன்தான் பாத்தான். 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் விடாம பீப் அடிக்குது, 12 வோல்ட்டுக்கு அடிக்கல. போர்டைக் கழட்டினோம், கனெக்டருக்குப் பின்னாடி கருப்பா செவ்வகமா ரெண்டு பார்ட்டு பக்கத்துல பக்கத்துல இருக்கு, சின்னதுல நடுவுல ஒரு ஊசி முனை அளவுக்கு ஓட்டை, சுத்தி லேசா பழுப்பேறியிருக்கு. அதோட ரெண்டு முனையிலும் வச்சாலும் பீப்தான். மத்த ஐசி எதுலயும் பொரிஞ்ச தடம் தெரியல. போட்டோ போட்டிருக்கேன்.

முகூர்த்த கேமரா அண்ணே, ஒரு கார்டு அப்படியே இருக்கு, இன்னொண்ணு ஒரு காதுகுத்துக்குப் போட்டாச்சு. ரெண்டையும் எடுத்து வச்சிட்டேன். பென்டிரைவ் குடுக்கல, ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருந்தோம்.

மீட்டரும்_கையும்:

போட்டோ பாத்தேனுங்க. சின்னது 5 வோல்ட் டையோடு, அதுதான் போயிருக்குது, பெரிசு 12 வோல்ட்டுக்கு, அதைத் தொட வேண்டாம். அந்த ஓட்டை விழுந்ததை எடுத்துட்டா போதும், டேட்டா எடுக்கற வரைக்கும் அந்த இடத்துல எதுவும் வைக்கணும்னு இல்ல. டிரைவ் ஓடறதுக்கு அது தேவையில்ல, காவலுக்கு மட்டும்தான்.

சாதா சால்டரிங் அயர்னை வச்சு வீட்ல முயற்சி பண்ண வேண்டாங்க. அதோட ஒரு பக்கம் போர்டோட கிரவுண்டு செம்புத் தகட்டுல ஒட்டியிருக்கும், சூடெல்லாம் அதுவே இழுத்துக்கும், ஈயம் இளகாது, கோவத்துல நெம்பினா கீழ இருக்கற தடமே உரிஞ்சு வந்துரும். உங்க ஊர்ல மொபைல் சர்வீஸ் பண்றவங்க, போர்டு லெவல்ல ஐசி மாத்தறவங்க இருப்பாங்க, அவங்ககிட்ட டிரைவைக் குடுக்காதீங்க, போர்டை மட்டும் கொண்டு போங்க. பக்கத்துல இருக்கற சாட்டா கனெக்டர் பிளாஸ்டிக் மேல சூடு தாங்கற மஞ்ச கலர் கேப்டான் டேப் ஒட்டச் சொல்லுங்க, ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா இளக உதவற பசை) வச்சு சூடு காத்து பிளோயர்ல காட்டினா கொஞ்ச நேரத்துல டையோடு தானா மிதந்து வரும். நெம்பவே கூடாது. நீங்க பக்கத்துலயே நில்லுங்க, சிரமம் பாக்காதீங்க.

எடுத்ததும் அங்கயே மீட்டர் வச்சு 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் மறுபடி பாருங்க. பீப் நின்னிருந்தாத்தான் அடுத்த வேலை. இன்னும் அடிச்சா பின்னாடி ஐசியும் ஷார்ட், அதோட நிறுத்திட்டு சென்னைக்காரர்கிட்டயே அனுப்புங்க. பீப் நின்னா அந்த டையோடு பக்கத்துல 0ன்னு போட்ட சின்ன ரெசிஸ்டர் இருக்கும், அது ஃப்யூஸ் மாதிரி, அதுல பீப் அடிக்கணும், அடிக்கலைன்னா அதுவும் அறுந்திருக்குதுன்னு அர்த்தம்.

ரிச்சி_தெரு_பின்புறம்:

நான் பொதுவா ஒரே ஒரு காப்பி மட்டும் இருக்கற டேட்டாவுல வெளிய கை வைக்க வேண்டாம்னுதான் சொல்வேன், இப்பவும் மனசுல அதுதான் இருக்கு. ஆனா மீட்டர் காட்டுற அளவும் போட்டோவும் இவ்வளவு தெளிவா இருக்கும்போது, லேப்புக்கு வந்தாலும் நாங்க முதல்ல செய்யறது இதையேதான். அதனால தடுக்கல. எல்லை எதுன்னு மட்டும் சொல்றேன். டையோடு எடுத்த பிறகு டிரைவ் சுத்தாட்டியோ, சுத்திட்டு டக் டக்குனு தட்டினாலோ உடனே பவரை எடுத்துடுங்க, இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்னு நினைக்காதீங்க, உள்ள ஹெட்டோட ஒட்டி இருக்கற ஆம்ப்ளிஃபயர் போயிருக்கலாம், அது லேப் வேலை.

போர்டைத் திரும்ப மாட்டும்போது உள்பக்கம் ஹெட்டுக்குப் போற பொன் நிறப் புள்ளிகள் கருத்திருந்தா பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு தூசியைத் தட்டிடுங்க. உங்க சிஸ்டத்துல நேரா மாட்டாதீங்க, 3.5 இன்ச் டாக் (டிரைவை வெளிய வச்சே சிஸ்டத்தோட இணைக்கற ஸ்டாண்டு), தனி 12 வோல்ட் அடாப்டரோட வர்றது, யார்கிட்டயாவது இரவல் வாங்கி அதுல போடுங்க. விண்டோஸ் டிஸ்க்கை செக் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, டிரைவ்ல எதையும் எழுத விடாதீங்க. லைட்ரூமை (போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்) அதுல திறக்கவே திறக்காதீங்க. காலி டிரைவ் ஒண்ணு தயாரா வச்சுக்கிட்டு, குடுக்காத ஆல்பத்தை முதல்ல, அப்புறம் மத்த கல்யாணம்னு வரிசையா காப்பி போடுங்க. ஃபைல் எங்கயாவது சிக்கிச்சுன்னா காப்பியை நிறுத்திட்டு டிடிரெஸ்க்யூன்னு லினக்ஸ்ல ஒண்ணு இருக்கு, படிக்க முடிஞ்ச இடத்தை முதல்ல எடுத்துட்டு கஷ்டமான இடத்துக்குக் கடைசியா வரும், அதுல முழு டிரைவையும் அப்படியே இமேஜ் (அச்சு அசல் நகல்) எடுத்துக்கலாம்.

பழனிரோடு_ஸ்டுடியோ:

டிரைவ் ஓடுதுங்க!!

பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் பண்ற ஒரு அக்கா, டேப் ஒட்டி ஃப்ளக்ஸ் வச்சு பிளோயரைக் காட்டினாங்க, ட்வீசர்ல லேசா தொட்டதும் அது நழுவி வந்துச்சு. பையன் பக்கத்துலயே மீட்டரோட நின்னான், பீப் இல்ல. 0 ரெசிஸ்டர்ல பீப் வந்துச்சு. வேலைக்குக் காசு வாங்க மாட்டேன்னாங்க, வற்புறுத்திக் குடுத்துட்டு வந்தோம். டாக்ல போட்டு ஸ்விட்ச் போட்டதும் விர்ருனு சுத்தி ஏறுற சத்தம் கேட்டுச்சு பாருங்க, பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ஃபோல்டர் எல்லாம் பேரோட வந்துச்சு. குடுக்காத ஆல்பம் ஃபுல்லா காப்பி ஆயிருச்சு, சும்மா திறந்து தாலி கட்டுற ஃபிரேம் வரைக்கும் பெரிசு பண்ணிப் பாத்தேன், ஒண்ணும் கெடல. மத்தது ஓடிட்டு இருக்கு, டிரைவ் மேல டேபிள் ஃபேன் வச்சிருக்கேன்.

மெமரி கார்டுலயும் போட்டோரெக் ஓட்டினோம், காதுகுத்துக்குப் போடாத கார்டுல முகூர்த்தம் முழுசும் கிடைச்சுச்சு, அதையும் தனியா எடுத்து வச்சாச்சு. ரெண்டு பக்கமும் கை குடுத்தீங்க, என்னைக்கும் மறக்க மாட்டேன்.

ரெண்டு கேள்வி இருக்கு. காப்பி முடிஞ்சதும் இதே டிரைவை வேலைக்கு வச்சுக்கலாமா? அந்த எஸ்எஸ்டில பழைய லைட்ரூம் கேட்டலாக் (எந்தப் போட்டோவுல என்ன எடிட் பண்ணினோம்ங்கற பதிவு) இருக்கு, அதுக்கும் இதே மாதிரி டையோடு எடுத்தா வருமா?

மீட்டரும்_கையும்:

ரொம்ப சந்தோஷமுங்க, படிச்சதும் மனசு நிறைஞ்சுது. தம்பியை இனி மீட்டர் பிடிக்கப் பழக்குங்க, நல்லா வருவான்.

டிரைவை வேலைக்கு வேண்டாங்க. காவலுக்கு இருந்த டையோடு இல்ல, ஒரு தடவை அடி வாங்கின போர்டு வேற. காப்பி எடுத்துட்டு லேபிள் ஒட்டி அலமாரியில வைங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட கேபிள் அத்தனையும் அந்த எஸ்எம்பிஎஸ் கூடவே ஒரே கவர்ல கட்டிடுங்க, கேபினட் பின்னாடி ஒண்ணு கூட மிச்சம் இருக்கக் கூடாது. புது எஸ்எம்பிஎஸ்ல வேற டிரைவ் மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை எதுவும் இணைக்காம 24 பின் கேபிள்ல (மதர்போர்டுக்குப் போற பெரிய கேபிள்) 16வது பின்னையும் பக்கத்து கிரவுண்டையும் ஒரு வயர்ல இணைச்சா அது தனியா ஓடும், அப்ப சாட்டா முனையில மீட்டர் வச்சு 5ம் 12ம் சரியான இடத்துல வருதான்னு பாத்துக்கோங்க.

ரிச்சி_தெரு_பின்புறம்:

எஸ்எஸ்டி கதை வேற சார். 2.5 இன்ச் எஸ்எஸ்டி பெரும்பாலும் 5 வோல்ட்ல மட்டும் ஓடும், எல்லா மாடல்லயும் டிவிஎஸ் டையோடு இருக்காது. உங்களுது ஷார்ட் காட்டல, சிஸ்டமும் ஆன் ஆகுது, ஆனா டிரைவ் தெரியல, அப்படின்னா பவர் குடுக்கற ஐசி திறந்துக்கிட்டுப் போயிருக்கலாம், இல்ல கன்ட்ரோலரே போயிருக்கலாம். பவர் ஐசி மட்டும்னா போர்டு வேலை தெரிஞ்ச லேப்ல மாத்தி டேட்டா எடுக்க முடியும். கன்ட்ரோலர் போயிருந்தா கஷ்டம், மெமரி சிப்பை மட்டும் கழட்டி வேற போர்டுல வச்சு படிக்கற வேலை இப்ப பெரும்பாலும் நடக்காது, நிறைய மாடல்ல டேட்டாவை கன்ட்ரோலர் தானே என்கிரிப்ட் பண்ணித்தான் எழுதும், சாவி அதுக்குள்ளயே இருக்கும்.

கேட்டலாக் மட்டும்தான்னா ஒண்ணு பாருங்க, லைட்ரூம் கிளாசிக் மூடும்போது பேக்கப் எடுக்கவான்னு கேட்கும், அதோட பேக்கப்ஸ் ஃபோல்டர் சாதாரணமா கேட்டலாக் பக்கத்துலயேதான் இருக்கும், ஆனா சிலர் அதை வேற டிரைவுக்கு மாத்தி வச்சிருப்பாங்க. இப்ப காப்பி ஓடற 4 டிபில தேடிப் பாருங்க. ரா ஃபைல் பக்கத்துல எக்ஸ்எம்பின்னு முடியற சின்னச் சின்ன ஃபைல் இருந்தா நீங்க பண்ணின கலர் கரெக்‌ஷன் எல்லாம் அதுலயே இருக்கு, புது கேட்டலாக்ல இம்போர்ட் பண்ணினா திரும்ப வந்துடும். ரெண்டும் இல்லைன்னா மட்டும் எஸ்எஸ்டியை லேப்புக்கு அனுப்புங்க, முதல்ல எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு, டேட்டா வரலைன்னா காசு இல்லன்னு எழுத்துல வாங்கிட்டு அனுப்புங்க.

பழனிரோடு_ஸ்டுடியோ:

எக்ஸ்எம்பி இருக்குங்க சார், ஆவணிக் கல்யாண ஃபோல்டர் எல்லாத்துலயும் இருக்கு, இப்பத்தான் பாத்தேன். எஸ்எஸ்டியை அப்படியே வச்சிடறேன். பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணி ஞாயித்துக்கிழமை செலக்‌ஷனுக்கு வரச் சொல்லியாச்சு.